முப்பத்தொன்பது நிமிட டீ

கணவனுக்கு அறுபது நாள் சிறை என்று தீர்ப்பானதும், செண்பகம் பருப்பை ஊறப்போட்டுவிட்டு அவனோடு கிளம்பி வந்தாள். தண்டனை எப்படியும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் சாம்பார் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

செவ்வாய்க் கிரகத்தின் செந்தரை நகரத்தில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்கே சிறை என்றால் நான்கு கட்டில்கள், நான்கு நினைவுக்கவசங்கள், அவ்வளவுதான். கவசத்தைத் தலையில் மாட்டினால், வெளியே ஒரு நிமிடம் ஓடுவதற்குள் மாட்டியவனுக்கு உள்ளே ஒரு முழு நாள் ஓடிவிடும். விடியும், வெயில் ஏறும், பசிக்கும், இருட்டும், தூக்கம் வராமல் புரள வேண்டியிருக்கும். உடம்பு கட்டிலில் கிடக்கும். மனசு மட்டும் எட்டுக்குப் பத்து அறையில் கம்பி எண்ணும். ஒரு வருடத் தண்டனைக்கு ஆறு மணி நேரம் போதும். ஆயுள் தண்டனைக்காரன்கூட ஒரே வாரத்தில் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். நிமிடச்சிறை என்று இதற்குப் பெயர். மதில் கட்ட வேண்டாம், சோறு போட வேண்டாம்; அரசாங்கத்துக்கு ஏக சந்தோஷம்.

செண்பகத்தின் கணவன் தனுஷ்கோடி செய்த குற்றம், குளியலறையில் கருவேப்பிலைச் செடி வளர்த்தது. குவிமாடத்துக்குள் வாழ்கிற ஊர் அது. ஒவ்வொரு இலைக்கும் தண்ணீர்ப் பங்கீடு உண்டு. பதிவு செய்யாத இலை திருட்டு இலை. ஒருநாள் ரசத்தில் மணம் கமகமவென்று வந்ததும், பக்கத்து வீட்டுக்காரருக்கு மூக்கு பொறுக்கவில்லை. புகார் கொடுத்துவிட்டார்.

அவனைக் கட்டிலில் படுக்கவைத்தது காவலர் மரகதவல்லி. பதினோரு வருட சர்வீஸ். கை நீட்டி எவனிடமும் எதுவும் வாங்கியதில்லை, எவன் மேலும் கை வைத்ததும் இல்லை. கவசத்தை மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கைதியிடமும் நாலு வார்த்தை சொல்வது அவள் வழக்கம். தனுஷ்கோடியிடமும் சொன்னாள்.

"பயப்படாதீங்க. தினம் காலைல சுவர்த் திரையில என் முகம் வரும். நீங்க சுவத்துல ஒரு கோடு போடுங்க. அறுபது கோடு ஆனதும் நானே வந்து எழுப்புவேன். இது என் வார்த்தை."

"உள்ள சாப்பாடு என்ன மேடம்?"

"ரவா உப்புமா."

"மத்த நாள்?"

மரகதவல்லி கவசத்தை மாட்டினாள். நிரல் எழுதிய புண்ணியவான் ஒருநாள் சாப்பாட்டை மட்டும் எழுதிவிட்டு, மிச்சத்துக்கு அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தான்.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது. படிவத்தில் அப்பா பெயரைத் தப்பாக அடித்துத் திருத்தியதில் இரண்டு நிமிடம் போய்விட்டது. பத்து இரண்டுக்குத்தான் விசையைத் தட்டினாள்.

இப்போது அந்த ஊர்க் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செவ்வாயின் நாள் பூமியின் நாளைவிட முப்பத்தொன்பது நிமிடம் நீளம். முதலில் குடியேறியவர்களுக்குப் புதுக் கடிகாரம் செய்ய மனசு வரவில்லை. அதனால் பழைய இருபத்துநான்கு மணி நேரத்தையே வைத்துக்கொண்டு, தினமும் காலை பதினோரு மணிக்கு நகரக் கடிகாரத்தை முப்பத்தொன்பது நிமிடம் நிறுத்திவைப்பது என்று முடிவு செய்தார்கள். ஏன் பதினோரு மணி? முடிவெடுத்த குழுவுக்கு அப்போதுதான் டீ வந்ததாம். அந்த நேரத்துக்கு உபரி என்று பெயர். சட்டப்படி உபரியில் நேரம் ஓடுவதில்லை. உபரியில் பிறந்த குழந்தை பதினோரு மணிக்குப் பிறந்தது. உபரியில் போட்ட சண்டை நடக்கவே இல்லை. ஊரே அந்நேரம் டீ குடித்தது. செந்தரைப் பசுமைக்கூடத்தில் விளைகிற நிஜத் தேயிலை அந்த ஒரு வேளைக்குத்தான் போதும். மற்ற நேரமெல்லாம் மாத்திரை கரைத்த தண்ணீர்தான்.

நினைவுக்கவசம் பூமியில் செய்தது. உபரியெல்லாம் அதற்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். விடுவிக்கும் பூட்டு செந்தரையில் செய்தது. நகரக் கடிகாரம் நகர்ந்தால்தான் திறக்கும். இரண்டுக்கும் இடையில் யாராவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் வழி இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நிறுத்துபிடி உண்டு. அதை இழுத்துப் பிடித்தால் கவசமும் நிற்கும், கைதி நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் அது வில் வைத்த பிடி, கையை விட்டால் துள்ளித் திரும்பிவிடும். காவலர் முப்பத்தொன்பது நிமிடமும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். டீ கிடையாது. அந்தப் பிடியை எவரும் தொட்டதாகச் சரித்திரமில்லை. மரகதவல்லிக்கு இது தெரியாது என்றால் பொய். நினைத்துப் பார்த்ததில்லை என்றால் உண்மை.

பதினோரு மணிக்கு மணி அடித்தது. சக காவலன் வீரபாகு எட்டிப் பார்த்தான்.

"அக்கா, சீக்கிரம் வாங்க. இன்னைக்கு ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கு."

மரகதவல்லி கட்டிலருகே நாள் கணக்குக் காட்டும் திரையைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு நாள் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு. நிறுத்துபிடியை ஒருதரம் பார்த்தாள். ஏலக்காய் வாசனை வாசல்வரை வந்துவிட்டது.

"ரெண்டு நாள்தானே" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

பார்வையாளர் அறை வாசலில் செண்பகம் மறித்தாள். "மேடம், அவரு இன்னும் வரலையே?"

"மணி இன்னும் பதினொண்ணுதானேம்மா. ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு" என்று கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனாள். சட்டப்படி அது நிஜம். அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்தாள். வீரபாகு சொன்ன ஒரு கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்ததும் அவள்தான்.

கடிகாரம் மறுபடி ஓடி, பதினொன்று இரண்டுக்குப் பூட்டு திறந்தது. மரகதவல்லி கவசத்தைக் கழற்றினாள். தனுஷ்கோடி கண்ணைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டான்.

"முடிஞ்சுதுங்க. எழுந்திருங்க."

"தொண்ணூத்தொன்பது கோடு" என்றான் அவன். குரல் கரகரத்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்.

"என்னது?"

"அறுபத்தோராவது நாள் காலைல நீங்க திரைல வந்தீங்க. 'எழுந்தாச்சா, நல்லபடியா இருங்க'ன்னீங்க. அறுபது முடிஞ்சு போச்சு மேடம்னு சொன்னேன். சிரிச்சீங்க. மறுநாளும் சொன்னேன். அன்னைக்கும் சிரிச்சீங்க. எழுபது ஆனப்போ கும்பிட்டேன். எண்பதுல அழுதேன். நீங்க சிரிச்சுட்டே இருந்தீங்க மேடம்."

அந்தச் சிரிப்பு எது என்று மரகதவல்லிக்குத் தெரியும். அது பதினோரு வருடத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த அன்று, புதுச் சீருடையில் எடுத்த பதிவு. வேலை கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு அப்படிச் சிரித்தாள். வாயெல்லாம் பல்.

செண்பகம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "சீக்கிரம் வாங்க, பருப்பு ஊறிக் கெட்டுடும்" என்றாள். எந்தப் பருப்பு என்று அவனுக்கு ஞாபகமில்லை.

விடுவிப்புக் குறிப்பேட்டில் ஒரு வரி அச்சடித்தே இருக்கும்: 'உரிய நேரத்தில் விடுவிக்கப்பட்டார்.' கீழே கையெழுத்து மட்டும் போட்டால் போதும். மரகதவல்லி அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். 'முப்பத்தொன்பது நாள் கூடுதலாக அடைத்து வைக்கப்பட்டார். நான் டீ குடிக்கப் போனேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வீரபாகு அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "அக்கா, உங்களுக்கு என்ன கிறுக்கா? பதினோரு வருஷமா எத்தனை பேரை வச்சுப் பூட்டிட்டு டீ குடிச்சிருக்கோம்! அஞ்சு வருஷம் உள்ள கெடக்குறவன் முப்பத்தொன்பது நாளையா எண்ணப்போறான்? இவன் ஒருத்தன் எண்ணிட்டான், விடுங்க."

"நான்தானேப்பா எண்ணச் சொன்னேன்" என்றாள் மரகதவல்லி.

மறுநாள் கண்காணிப்பாளர் ஞானப்பிரகாசம் கூப்பிட்டார். நல்ல மனுஷர். யாரையும் அதிர்ந்து பேசமாட்டார். தினமும் ஒரு சுற்றறிக்கை போடாவிட்டால் மட்டும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"மரகதம், உபரியில நேரம் ஓடுதா?"

"சட்டப்படி ஓடாதுங்கய்யா."

"நேரமே ஓடாதப்போ நாள் எங்கேருந்தும்மா வரும்? முப்பத்தொன்பது நாளுன்னு எழுதியிருக்கியே, அது எந்தக் காலண்டர்ல இருக்கு? காட்டு பாப்போம்."

"அந்த ஆளு அழுதாருங்கய்யா."

"அழட்டும். அழுததும் உபரியிலதானே?" என்றார் அவர், மிகப் பரிவாக. "ஒரு வாரம் தர்றேன். அந்தக் குறிப்பை ரத்து பண்ணிடு. இல்லேன்னா தலைமையகத்துலேருந்து உன் மேல நடவடிக்கை வரும். வேலை போனா காற்றுப் பங்கீடும் போயிடும், அடுத்த கப்பல்ல பூமிக்குத்தான் போகணும். யோசிச்சுக்கோ."

அன்று மாலையே சுற்றறிக்கையும் வந்தது. உபரியில் நேரம் என்பதே இல்லாததால், அப்போது நிறுத்துபிடியைத் தொடுவது வீண் வேலையாகவும் ஒழுங்கீனமாகவும் கருதப்படும். மரகதவல்லி அதைப் படித்தாள். பூமியில் அவளுக்கு யாரும் இல்லை. இரவு முழுக்க யோசித்தாள். கண்ணை மூடினால் திரையில் அவள் முகமே வந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. குறிப்பை ரத்து செய்யவில்லை.

தலைமையகத்துச் சிறைப் பிரிவுக்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. நடவடிக்கை எடுப்பதற்கு முன் கண்காணிப்பாளர் நேரில் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். உள்ளே ஒருநாள் இருந்து பார்க்கிற அந்த ஆய்வு வருடாவருடம் நடப்பதாகத்தான் காகிதத்தில் இருந்தது. ஞானப்பிரகாசம் எட்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைச் செய்து முடித்திருந்தார். இந்தத் தடவை, கவசத்தில் பதிவாகிற நேரக் கணக்கின் அச்சையும் இணைத்து அனுப்பு என்று கேட்டுவிட்டார்கள். தப்ப வழியில்லை.

"ஒரு நாள்தானே, ஒரே நிமிஷம்" என்றார். "பத்து அம்பத்தொன்பதுக்குப் படுக்குறேன். எழுந்து நேரா டீக்கு வந்துடலாம்."

அன்று புதன்கிழமை. சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு அவர் கட்டிலில் சாய்ந்தபோதே பத்து ஐம்பத்தொன்பது ஆகிவிட்டது. மரகதவல்லி நகரக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐயா, பூட்டு திறக்கக் கொஞ்சம் பிந்தினாலும் உபரி வந்துடும். நிறுத்துபிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டுங்களா?"

"சுற்றறிக்கையைப் படிச்சியா இல்லையா? எனக்கு ஒரு சட்டம், கைதிக்கு ஒரு சட்டமா? மாட்டும்மா!"

அந்த வாக்கியத்தின் நேர்மை அவருக்கே பிடித்துப் போனது. புன்னகையோடு கண்ணை மூடினார்.

ஒருநாள் முடிந்தது. பூட்டு திறக்க வேண்டிய நொடியில் மணி அடித்து, நகரக் கடிகாரம் நின்றது. வீரபாகு டீக்கு ஓடினான். மரகதவல்லி போகவில்லை. நிறுத்துபிடியை நோக்கி அவள் கை இரண்டு தடவை போனது, இரண்டு தடவை சுற்றறிக்கை ஞாபகம் வந்து திரும்பியது. மூன்றாவது தடவை போனபோது அவளைத் தடுத்தது சுற்றறிக்கை இல்லை. 'அழட்டும்' என்று அவர் சொன்னதுதான். தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபதாவது நிமிடத்தில் அவர் மூடிய இமையோரம் ஈரம் கசிந்ததைப் பார்த்ததும் மனசு கேட்காமல் பிடியை இழுத்தும் பார்த்தாள். பதினோரு வருடமாக யாரும் தொடாத பிடி, துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அசையவில்லை.

நாற்பது நாள் கழித்து, அதாவது அதே பதினோரு மணிக்கு, ஞானப்பிரகாசம் எழுந்தார். மரகதவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினார்.

"உப்புமா, மரகதம்… தினமும் உப்புமா. நீ வேற சிரிச்சுக்கிட்டே இருந்தே. தீபாவளிகூட உள்ளேயே போயிடுச்சும்மா."

"ஐயா, தண்ணி குடிங்க."

"பேப்பர் குடு. ஒரு வெள்ளைத் தாள் குடு."

மரகதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் திருந்திவிட்டார், தலைமையகத்துக்கு உண்மையை எழுதப்போகிறார் என்று ஓடிப்போய்த் தாள் கொண்டுவந்தாள். அவர் எழுதி முடித்து அவளிடம் நீட்டினார்.

'ஐயா, ஆய்வுப் பணியின் பொருட்டு நாற்பது நாட்கள் வார ஓய்வின்றித் தொடர்ந்து பணியாற்றியுள்ளேன். அதில் அடங்கிய ஆறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் தீபாவளிக்குமாக ஏழு நாட்கள் ஈடுசெய் விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"ஐயா… அந்தக் கைதி விஷயம்?"

"அது சிறைப் பிரிவும்மா. இது விடுப்புப் பிரிவு" என்று மூக்கைச் சிந்தினார் ஞானப்பிரகாசம். "ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

இரண்டு பிரிவுகளும் ஒரே மாடியில், எதிரெதிர் அறையில்தான் இருந்தன. விடுப்புப் பிரிவு, நேர அச்சைப் பார்த்தது. நாற்பது நாள் சரியாக இருந்தது. ஆறு ஞாயிறும் தீபாவளியும் சரியாக இருந்தன. இரண்டே நாளில் விடுப்பு வழங்கிவிட்டார்கள். அதே நாள் சிறைப் பிரிவிலிருந்து மரகதவல்லிக்குக் கடிதம் வந்தது. உபரியில் நாட்களே இல்லை. இல்லாத நாட்களை எழுதியதற்காக உங்களை ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

மரகதவல்லி விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. கண்காணிப்பாளரின் விடுப்பு ஆணைக்கு ஒரு நகல் எடுத்தாள். அதன் கீழே, 'இதே கட்டில், இதே முப்பத்தொன்பது நிமிடம்' என்று மட்டும் எழுதி அனுப்பிவைத்தாள்.

தலைமையகம் பதினைந்து நாள் மூச்சுவிடவில்லை. தனுஷ்கோடியின் முப்பத்தொன்பது நாள் பொய் என்றால், ஒரு கண்காணிப்பாளரின் ஞாயிற்றுக்கிழமைகளும் பொய்யாகிவிடும். ஒரு கைதியின் நாட்களை இல்லை என்று சொல்லிவிடலாம். வழங்கிய விடுப்பை ரத்து செய்ய எந்த அரசாங்கத்துக்குத் துணிச்சல் உண்டு? கடைசியில் பதில் வந்தது. மரகதவல்லியின் குறிப்பு ஏற்கப்பட்டது. கைதியின் கூடுதல் நாட்கள், அவர் எதிர்காலத்தில் செய்யும் குற்றத்தில் கழித்துக்கொள்ளப்படும். தனுஷ்கோடி அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அன்றைக்கே குளியலறையில் இரண்டு செடி நட்டான்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் விடுப்பு ஆணை விஷயம் வெளியே கசிந்துவிட்டது. உபரியில் படுத்து எழுந்தால் முழுசாக ஒரு வாரம் விடுப்பா! முதலில் வீரபாகு ஆய்வுக்குப் பெயர் கொடுத்தான். பிறகு எழுத்தர்கள், சமையல்காரர், இரண்டு மருத்துவர்கள். பத்து ஐம்பதுக்கே கட்டிலுக்கு வரிசை நின்றது. முன்னால் யார், பின்னால் யார் என்று கைகலப்புகூட வந்தது. தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி தலையணையோடு வந்து இறங்கினார். எழுந்து வரும்போது எல்லாரும் அழுதார்கள். மறுவாரம் மறுபடி பெயர் கொடுத்தார்கள். இத்தனைக்கும் சம்பாதித்த விடுப்பை ஒருவரும் எடுக்கவில்லை. செந்தரையில் விடுப்பெடுத்து எங்கே போவது? ஓய்வு பெறும்போது ஆகும் என்று சேர்த்துவைத்தார்கள்.

கட்டில் பற்றாமல் போகவே, ஞானப்பிரகாசம் ஒரு சுற்றறிக்கை போட்டார். உபரி நேரத்தில் கட்டில்கள் அனைத்தும் அலுவலர் ஆய்வுக்கு ஒதுக்கப்படுவதால், பத்து ஐம்பத்தைந்துக்கே கைதிகளின் கவசத்தை நிறுத்தி அவர்களை வெளியே அமர்த்திவைக்க வேண்டும். அன்றிலிருந்து செந்தரையில் ஒரு கைதியும் உபரியில் மாட்டிக்கொள்ளவில்லை. பதினோரு வருடமாக விதிப்புத்தகம் செய்ய முடியாததையும், ஒரு மனுஷனின் அழுகை செய்ய முடியாததையும் ஈடுசெய் விடுப்பு ஒரே மாதத்தில் செய்து முடித்தது. மரகதவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திரையில் வருகிற தன் பழைய பதிவை மட்டும், எழுதிக் கேட்டு நீக்கவைத்து, வேறு பதிவு எடுத்துக்கொண்டாள். புதிய பதிவில் அவள் சிரிக்கவில்லை.

கைதிகளை அமர்த்திவைக்க டீ அறையை விட்டால் வேறு இடமில்லை. டீயும் கொதித்துத் தயாராக இருந்தது. குடிக்க அலுவலர்கள்தான் இல்லை.

அடுத்த தடவை தனுஷ்கோடி பிடிபட்டு வந்தபோது அவனுக்குக் கிடைத்தது அறுபது நாள். பழைய முப்பத்தொன்பது போக இருபத்தொன்றுதான் பாக்கி. நான்கு நாள் முடிந்திருந்த நிலையில், உபரிக்காக அவனை எழுப்பிக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். சட்டைப் பைக்குள் ஒளித்து வந்த கருவேப்பிலைக் கொத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தான். மரகதவல்லி பார்த்தும் பார்க்காததுபோல எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பதினோரு வருடத்தில் ஒரு கைதியிடம் அவள் வாங்கிய முதல் பொருள் அது. வீட்டில் அதைப் போட்டு ரசம் வைக்கலாம் என்று தோன்ற, பிடிபட்டால் எத்தனை நாள் கிடைக்கும் என்றும் ஒரு கணம் யோசித்தாள்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நான்கு கட்டில்களிலும் நான்கு அலுவலர்கள். ஞானப்பிரகாசத்தின் இமையோரம் ஈரமாக இருந்தது. வீரபாகுவின் ஆள்காட்டி விரல் போர்வையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

தனுஷ்கோடி ஏலக்காய் டீயை ஊதிக் குடித்துவிட்டுக் கேட்டான். "பாவமா இருக்கு மேடம். இவங்களை எப்போ வெளிய விடுவீங்க?"

மரகதவல்லி நின்றுபோன கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மணி இன்னும் பதினொண்ணுதானே" என்று சொல்லிவிட்டு, தன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.